வார்த்தையில்லாத இடம்

அன்று காலை சாமி கும்பிட்டபோது அவளால் வேண்டுதலை முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. 'இன்னிக்குச் சாயங்காலம் அக்கா எல்லார் முன்னாலயும் தலைகுனியணும்' என்று கடவுளிடம் எந்த வாயால் கேட்பது? கூப்பிய கையைப் பாதியில் இறக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடை அது. தட்டு சுழலும் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. தேய்ந்த ஊசியை மாற்றுவதில் கைதேர்ந்தவள் என்பதால் கடையில் அவள் பெயரே ஊசிதான். "பேச்சும் அப்படித்தான்" என்பார் முதலாளி.

பாடகியான அக்காவின் பழைய ஜாஸ் இசைத்தட்டு மறுபடி வெளிவருகிறது. மாலையில் அதற்காகக் கடையில் ஒரு சின்னக் கூட்டம். வரவேண்டும், பேசவேண்டும், கையெழுத்துப் போடவேண்டும். அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஊசி, முதலாளியின் காதில் இன்னொன்றும் போட்டு வைத்திருந்தாள்.

"பாட்டு நடுவுல அந்த ஸ்காட் வருமில்ல சார், அப்ப நான் ஊசியத் தூக்கிடறேன். அக்கா நேர்லயே பாடட்டும். எல்லாரும் அசந்துடுவாங்க."

"பிரமாதம்! அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா சுவாரசியம் போயிடும் சார்."

ஜாஸ் பாட்டில் வார்த்தைகள் நின்றுபோகும் ஓர் இடம் உண்டு. பாடுகிறவர் அர்த்தத்தையெல்லாம் உதறிவிட்டு, 'டுபிடு டாபா ஷுபி டீயா' என்று தொண்டையையே டிரம்பெட்டாக்கிக்கொண்டு ஓடுவார். அதுதான் ஸ்காட். புதிதாகக் கேட்பவருக்குப் பல் முளைக்காத குழந்தையின் உளறல் போலிருக்கும். கேட்டுப் பழகியவருக்கு விட மனம் வராது. வார்த்தைகளை வைத்துக்கொண்டு பொய் சொல்லிவிடலாம். அழுகையை மறைத்துக்கொண்டு ஆனந்தம் என்று பாடிவிடலாம். வார்த்தையில்லாத இடத்தில் மனசில் இருப்பதுதான் வெளியே வரும். அக்காவின் தட்டில் ரசிகர்கள் உருகிப்போவது அந்த இடத்தில்தான். "பயமும் சிரிப்பும் ஒண்ணா வருது பாருங்க" என்பார்கள்.

அது அக்காவின் குரலே இல்லை.

அந்தத் தட்டைப் பதிவு செய்த நாளில் அக்காவுக்கு வெந்நீர்ப் பிளாஸ்க் தூக்கிக்கொண்டு போனவள் தங்கையான இவள்தான். ஒரே மைக், அதைச் சுற்றி எல்லா வாத்தியக்காரர்களும். எங்கே தவறினாலும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அக்காவுக்கு வார்த்தைகள் தேனாக வந்தன, ஸ்காட் வரவேயில்லை. வாத்தியக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். வீட்டில் தங்கை விளையாட்டாக அதைப் பாடித் திரிவது நினைவு வந்து, அக்காதான் அவளை மைக் முன்னால் இழுத்து நிறுத்தினாள். உடன்பிறந்த குரல், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தட்டின் உறையில் அக்காவின் பெயர் மட்டும் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு அக்கா சிரித்தாள்.

"நாலு டுபிடுபிக்கு உனக்குப் பேரு கேக்குதா?"

அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. மேடைகளில் அந்த இடம் வந்ததும் அக்கா டிரம்பெட் வாசிப்பவரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். பெருந்தன்மை என்று ஊரே புகழும். தங்கைக்கு வயிறு எரியும்.

அக்காவுக்கு வைத்த பொறி பிசகக் கூடாதென்று அன்று காலையே பெட்டிக்குப் புது ஊசி மாட்டி, தட்டை ஓட்டிப் பார்த்தாள். ஸ்காட் தொடங்கும் முன் 'தொப், தொப்' என்று மெல்லிய சத்தம். பழைய ஊசிகளில் அவள் கேட்டதேயில்லை. தூசி என்று துடைத்தாள். மறுபடியும் கேட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாலையில் அலமாரிகளுக்கு நடுவே ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அக்கா நேராக அவளிடம் வந்தாள்.

"என்னடி இப்படி இளைச்சுட்ட? நேரத்துக்குச் சாப்பிடறியா இல்லியா?"

"போய் உக்காருக்கா. எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

"என்ன, மூஞ்சி உர்ருன்னு இருக்கு?"

"வேலையா இருக்கேன்."

தட்டு சுழன்றது. வார்த்தைகள் முடிந்தன. அவள் ஊசியைத் தூக்கினாள்.

"இப்ப மேடம் நேர்லயே பாடுவாங்க!" என்று முதலாளி கூவினார். கைதட்டல் காதைப் பிளந்தது. அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். தங்கையும் கண்ணிமைக்காமல் பார்த்தாள். 'பாடு, பாக்கலாம்' என்றது அந்தப் பார்வை.

அக்கா மைக்கைப் பிடித்தாள். "டு..." என்று தொடங்கிய குரல் உடைந்தது. யாரோ செருமினார்கள். ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மனசுக்குள் அவள் ஓட்டி ஓட்டி ரசித்த காட்சிதான். அதில் அக்காவின் முகம் அவமானத்தில் சிவந்துபோகும். நேரில் சிவக்கவில்லை, திடீரென்று வயதாகிவிட்டது போலிருந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது அக்காவின் கை, அவளுக்கே தெரியாமல், எதிரிலிருந்த மேசையைத் தட்டத் தொடங்கியது. தொப், தொப். மைக் வழியே ஸ்பீக்கரில் வந்தது. காலையில் கேட்ட அதே சத்தம்.

காதுக்கு முன்னால் தங்கையின் முதுகுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மைக் முன்னால் பயந்து நின்றவளின் முதுகில் உள்ளங்கையால் தட்டித் தாளம் கொடுத்தவள் அக்கா. "நான் இருக்கேன், ஆரம்பி" என்று காதோரம் சொன்னாள். அந்தச் சிரிப்பை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தவள், இந்தக் கையை எங்கோ தொலைத்திருந்தாள். இன்று அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுக்க யாரும் இல்லை.

"டுபிடு டாபா..."

பெட்டிக்குப் பின்னாலிருந்து மைக் இல்லாமல் குரல் எழுந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. இன்றைய பாட்டில் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இத்தனை வருஷக் கோபம் அப்படியே கொட்டியது. அக்காவின் முகத்தையே பார்த்தபடி, துளி இரக்கம் காட்டாமல் பாடினாள். அக்காவின் கை ஓரிடத்திலும் தாளம் தப்பவில்லை.

முடிந்ததும் முதலாளி வாயைப் பிளந்தார். "மேடம், இது..."

"தட்டுல இருக்கறதும் இவ குரல்தான். என் தங்கச்சி" என்றாள் அக்கா மைக்கில். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்கு மனசு வரல."

பிறகு பேனாக்கள் தங்கை பக்கம் நீண்டன. அவற்றை விலக்கிக்கொண்டு அக்கா வந்து, பழுதுபார்க்கும் மேசையோரம் தளர்ந்து உட்கார்ந்தாள்.

"வேணும்னுதான ஊசியத் தூக்கின?"

"ஆமா."

"உயிரே போயிடுச்சுடி."

"போகட்டும்னுதான் தூக்கினேன்."

முள் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. ஆனால் அக்காவின் உதடு காய்ந்து வெடித்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். மேசைக்கடியிலிருந்து தன் பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள்.

"விஷம் கிஷம் கலந்திருக்கியா?"

"காலையில கேட்டிருந்தா கலந்திருப்பேன். இப்ப வெறும் வெந்நீர்தான். சுடுது, ஊதிக் குடி."