மாடிக் குழாய்

மெர்சிக்கும் மாடியில் குடியிருந்த சிவரஞ்சனிக்கும் கொஞ்ச நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏதோ பெரிய சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். மாடியில் காயப்போட்ட துணி சொட்டி, கீழே மெர்சி காயவைத்திருந்த மோர்மிளகாய் நனைந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு ஆளுக்கு ஒரு வார்த்தை கூடிப்போய், படியில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மெர்சி சாஃப்ட்னரைச் சுத்தம் செய்தாள். தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்க, கீழ்வீடு மாடி இரண்டுக்கும் சேர்த்து வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த கருவி அது. நாள்பட்டுப் போனதில் வீட்டுத் தண்ணீர் முழுக்க அழுகிய முட்டை வாடை. மாலையில் தங்கை அனிதா கைக்குழந்தையோடு திருச்சியிலிருந்து வருகிறாள். பச்சைப்பிள்ளையை இந்தத் தண்ணீரிலா குளிப்பாட்டுவது?

கம்பெனிக்காரர் போனில் சொன்னபடி அதன் உப்புத் தொட்டியில் ப்ளீச்சிங் திரவத்தை ஊற்றிப் பொத்தானை அமுக்கினாள். சொன்ன அளவுக்குக் கொஞ்சம் கூடவே ஊற்றினாள். எதிலும் அவள் கை தாராளம். "ஓடி முடிஞ்சதும் கீழ, மேல எல்லாக் குழாயையும் திறந்து விடுங்க மேடம். மருந்து வாடை போற வரைக்கும் யாரும் குளிச்சிறக் கூடாது" என்று அந்த மனுஷர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கீழ்வீட்டுக் குழாய்களை எல்லாம் திறந்துவிட்டாள். மாடிக்குப் போகப் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். நானா போய் முதலில் பேசுவது? எனக்கென்ன தலையெழுத்தா? வாடை அடித்தால் அவளுக்கே தெரியாதா என்ன! இறங்கி வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் மாடியில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. பிறகு சிவரஞ்சனியின் பிள்ளை சொக்கு வீலென்று அலறினான். குளிக்கும்போது கெக்கலி கொட்டிச் சிரிக்கிற பிள்ளை அது. ஓடு, ஓடிப்போய்ச் சொல்லு என்று மெர்சிக்கு மனசு அடித்துக்கொண்டது. போனால், இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பாளே! அந்த வெட்கத்தில் பாவி மகள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. வாசலில் சிவரஞ்சனி நின்றாள். தோளில் சொக்கு. பிள்ளைக்குக் கண் இரண்டும் சிவந்து, கழுத்து மடிப்பெல்லாம் தடித்திருந்தது. மெர்சி திட்டு வாங்கத் தயாரானாள்.

"அக்கா, தண்ணியில என்னமோ மருந்து கலந்திருக்கு. கேன் தண்ணியை ஊத்திக் கழுவியும் புள்ளைக்கு எரிச்சல் அடங்கல. டாக்டர்ட்டப் போறேன். அனிதாக்கா கைப்புள்ளையோட வாராகளாமே, இந்தத் தண்ணியில குளிப்பாட்டிறாதீக. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

மெர்சி 'அப்படியா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வார்த்தை வாய்வரை வந்தும்விட்டது. அதற்குள் சொக்கு, எப்போதும்போல அவளிடம் தாவுவதற்குக் கையை நீட்டினான்.

"மருந்தை ஊத்துனதே நாந்தான் ரஞ்சனி. குழாயைத் திறக்காதன்னு மேல வந்து சொல்லியிருக்கணும். வீம்பு புடிச்சு இருந்துட்டேன். புள்ள அழுதது கேட்டுச்சு. அப்பவும் வரல."

சிவரஞ்சனி, சொக்கு நீட்டிய கையை மடக்கிப் பிள்ளையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"இரு, நானும் வாரேன். ஆட்டோ கூப்பிடுறேன்." மெர்சி செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினாள்.

"நீங்க வர வேண்டாம்."

இந்தத் தடவை அவள் அக்கா என்று சொல்லவில்லை.