எதிராளியின் நாற்காலி

முதல் அடி நிஸ்தாரின் வாயில் விழுந்தது. இரண்டாவது அடி விழுவதற்குள் முபீன் ஷட்டர் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டான். அக்காள் புருஷன், அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதன். அவன் அடிபடும்போது ஒதுங்கலாமா என்று மனசு கேட்டது. கால் கேட்கவில்லை.

ஜீவனஹள்ளியில் நிஸ்தாரின் பைக் ரிப்பேர் கடை அது. வெள்ளிக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்த வேளை. வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தஸ்தகீரை மட்டும்தான் முபீனுக்குத் தெரியும். பள்ளிவாசலில் யாரோடும் அதிகம் பேசாத ஆள். இன்றைக்கும் பேச்சைக் குறைவாகத்தான் வைத்துக்கொண்டான்.

"பக்கத்துல நின்னு தொழுவறவன்டா நீ. இது யாரு குரல், சொல்லு."

அவன் நீட்டிய போனில் ஓடிய வீடியோவில் நிஸ்தார் பேசிக்கொண்டிருந்தான். 'பூமியைப் படைக்க ரெண்டு நாள். மலையும் உணவும் வைக்க நாலு நாள். வானத்துக்கு ரெண்டு நாள். கூட்டினா எட்டு. மத்த எடத்துல எல்லாம் ஆறு நாள்னு இருக்கு. ஒரே வேதம், ரெண்டு கணக்கு. இது முரண்பாடு இல்லாம வேற என்ன?'

"என் குரல்தான்," என்றான் நிஸ்தார், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

தஸ்தகீர் தரையில் கிடந்த பைக்கின் இரும்பு ஃபோர்க் பைப்பை எடுத்தான்.

குரல் நிஸ்தாருடையதுதான். கேள்வி அவனுடையது அல்ல. ஆஸ்டின் டவுன் நோயலோடு வரும் ஞாயிற்றுக்கிழமை மத விவாதம் நடத்துவதாக ஏற்பாடு. நோயல் வேதங்களை வரி வரியாகப் படித்து வாதாடுகிறவன், ஆனால் மரியாதை தெரிந்தவன். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் முபீன். எந்த விவாதத்துக்கும் முன்னால் முபீனும் நிஸ்தாரும் ஒத்திகை பார்ப்பார்கள், அதை வீடியோவும் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கேட்கக்கூடியதை அவனைவிடக் கூர்மையாகக் கேட்க வேண்டும். கை தளர்த்தக் கூடாது என்பது விதி. புதன்கிழமை அந்த நாற்காலியில் நிஸ்தார் உட்கார்ந்தான்.

முபீன் நான்கு நிமிஷம் திணறினான்.

"மாப்ள, நோயல் உன்னை டீயில முக்கித் தின்னுடுவான். பதில் இருக்கு, சுலபமானதுதான். நீயே தேடு," என்று சிரித்தான் நிஸ்தார்.

அந்தச் சிரிப்புதான் முபீனுக்கு உறுத்தியது. யாரிடமும் போய்க் கேட்க வெட்கம். ஒத்திகை வீடியோவை எடுத்து, தான் திணறிய பின்பகுதியை வெட்டினான். 'ரெடியா மாப்ள? நான் இப்ப நோயல்' என்ற முன்பகுதி இருந்தால் திணறியது யாரென்று தெரிந்துவிடும். அதையும் வெட்டினான். மிச்சத்தை, 'இதற்குப் பதில் என்ன?' என்று கீழே எழுதி அறுபது பேர் இருக்கும் குழுவில் போட்டான். ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. ஆனால் வீடியோவை அனுப்பினார்கள், கைக்குக் கை. கீழே எழுதிய வரி வழியிலேயே உதிர்ந்துபோனது.

பைப் நிஸ்தாரின் தோளில் இறங்கியது. அவன் முழங்காலிட்டு விழுந்தான். இன்னொருவன் இடுப்பில் மிதித்தான். மூன்றாமவன் ரேக்கைச் சாய்க்க, நட்டும் போல்ட்டும் நிஸ்தாரின் முதுகில் கொட்டின.

"யாரு சொல்லிக் குடுத்தாங்கடா உனக்கு? எவன்கிட்ட சம்பளம்?"

நிஸ்தார் தலையைத் தூக்கி முபீனைப் பார்த்தான். கெஞ்சல் இல்லாத பார்வை. "அவன்கிட்ட கேளு," என்றான்.

நான்கு பேரும் திரும்பினார்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். சொன்னால், அறுபது பேருக்கு முன் மறைத்த அவமானத்தை இந்த நான்கு பேருக்கு முன் அவிழ்க்க வேண்டும். பைப்பும் தன் பக்கம் திரும்பும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது பாய்," என்றான் முபீன்.

நிஸ்தார் கண்ணை மூடிக்கொண்டான். அவன் வலது கையை இழுத்து எஞ்சின் மேல் வைத்து ஒருவன் அழுத்தினான். பைப் இறங்கியது. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். நிஸ்தார் போட்ட அலறலில் தெருவில் இரண்டு கடைகளின் ஷட்டர்கள் இறங்கின. தஸ்தகீர் மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை குறி தலை.

முபீன் பாய்ந்து நிஸ்தாரின் மேல் விழுந்தான். அடி அவன் முதுகில் இறங்கியது; மூச்சு நின்று வந்தது.

"நான்தான் வெட்டினேன். வீடியோவை வெட்டி அனுப்பினது நான்தான். முழுசா இருக்கு, பாருங்க. எனக்குப் பதில் தெரியல, அதான்…"

முபீனின் போனைத் தஸ்தகீரே பிடுங்கி ஓடவிட்டான். 'ரெடியா மாப்ள? நான் இப்ப நோயல்.' பிறகு அந்தக் கேள்வி. பிறகு முபீனின் நான்கு நிமிஷத் திணறல். யாரும் இடையில் நிறுத்தவில்லை. கடைசியில் ஒருவன் மெல்ல வெளியேறி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

தஸ்தகீருக்குக் கோபம் இறங்க இடமில்லை. "அப்ப பதில் இன்னா? அதையாவது சொல்லு," என்று உறுமினான்.

நிஸ்தார் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பேசினான். பல் இரண்டு விழுந்திருந்ததால் சொல் வழுக்கியது. "இங்கேர்ந்து கிருஷ்ணகிரி ரெண்டு மணி நேரம். அதே ரோட்டுல ஆம்பூர் நாலு மணி நேரம். அப்ப ஆம்பூருக்குப் போக ஆறு மணி நேரமா தஸ்தகீர்?"

"நாலுதான். அந்த ரெண்டும் நாலுக்குள்ளயே…" தஸ்தகீர் பாதியில் நின்றான்.

"பூமிக்கு ரெண்டு, அதையும் சேர்த்து நாலு. வானத்துக்கு ரெண்டு. மொத்தம் ஆறு. வந்தவுடனே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பைப்பைக் கீழே வைத்துவிட்டுத் தஸ்தகீர் போனான். மற்ற இருவரும் அவன் பின்னால் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்காள் ஷமீனா வந்து நின்றபோது எலும்பு டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் பழையபடி மடங்காது. ஸ்பேனர் பிடிப்பது சந்தேகம். போலீஸ்காரர் நோட்டோடு வந்து கன்னடத்தில் கேட்டார், அந்த வீடியோவை முதலில் அனுப்பியது யார் என்று.

"ஷாப் பையனுங்க யாராவது இருக்கும்," என்று ஷமீனா முந்திக்கொண்டாள். தம்பி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கடையில் முபீன் ஒரு தடவை 'தெரியாது' என்று சொன்னதற்கு விலையாக ஒரு கை போயிருந்தது.

"நானு சார்," என்றான் கன்னடத்தில். பிறகு அக்காள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான். "நான்தான்க்கா. கடையில முதல் தடவை கேட்டப்ப தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் அடிக்கவில்லை, அழவும் இல்லை. கையில் சுருட்டி வைத்திருந்த நிஸ்தாரின் ரத்தச் சட்டையைத் தம்பியின் நெஞ்சில் வைத்து அழுத்திவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு நிஸ்தார் கிடந்த அறைக்குள் போனாள்.