சண்டை நின்ற இடம்

எங்கள் சங்கத்தில் ஒருவர் ஒரே மூச்சில் மூன்று நிமிடம்தான் சண்டை போடலாம். மணி அடித்ததும் பத்து நிமிடம் படுத்துக்கொள்ள வேண்டும். எதிராளி பதில் சொல்லிவிட்டு அவரும் படுத்துவிடுவார். சாதாரண மனிதர்கள் அரை மணியில் முடித்துக் கதவை அறைந்துவிட்டுப் போகும் சண்டையை, தீராக் களைப்பு நோய்க்காரர்களான நாங்கள் நாலு மாதம் நடத்துவோம்.

"சண்டை போட்டுட்டுப் படுத்துக்கறதா? அதுக்குப் பேரு சண்டையா?" என்று அக்கா சிரிப்பாள்.

நாங்கள் கூடுவது ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில். சிரிக்காதீர்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் அங்கே ஈ காக்கை இருக்காது. தரையெல்லாம் மெத்தை விரித்திருக்கும். இரும்புக் குண்டுகளுக்கு நடுவே நாலு பேர் மல்லாந்து கிடப்போம்.

நோயில் விழுவதற்கு முன் நான் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தேன். அதனால் சண்டைக் குறிப்பேடு என் பொறுப்பு. கூட்டம் முடியும்போது 'சண்டை இந்த இடத்தில் நிற்கிறது' என்று எழுதி, கடைசியாகப் பேசியதைக் குறித்து வைப்பேன். அடுத்த மாதம் அங்கிருந்து தொடங்குவோம். எங்கள் தலைக்குள் எப்போதும் மூட்டம். எழுதி வைக்காவிட்டால் சண்டை போட்டதே மறந்துவிடும்.

கட்சிகள் இரண்டு. பூசணக் கட்சித் தலைவர் கணக்கு வாத்தியார். நம் களைப்புக்கெல்லாம் காரணம் சுவரில் பூக்கும் பூசணம்தான், வீட்டை விட்டு ஓடு, துணிமணியை எறி என்பார். படுக்கைக் கட்சித் தலைவி நர்ஸம்மா. "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீங்க. பேசாம படுங்க" என்பார். இருவருக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலாவது ஆள் ஒரு முன்னாள் சமையல்காரர். எந்தக் கட்சியிலும் இல்லை. அவ்வப்போது கண்ணைத் திறக்காமலே "நான் தூங்கல" என்று மட்டும் சொல்வார்.

இந்த முறை சண்டையே என்னைப் பற்றித்தான்.

நாலு வருடமாக அக்கா வீட்டுப் பின்னறையில் படுத்துக் கிடக்கிறேன். என் தலைமாட்டுச் சுவரில் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. அதைப் போன கூட்டத்தில் வாத்தியாரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்தே விட்டார். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் மேல்மாடி அறை ஒன்று அடுத்த கூட்டம் முடிந்த திங்கட்கிழமை காலியாகிறதாம். வெள்ளைச் சுவர், நல்ல வெயில். போய்விடு என்றார். நாலு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஆசை வந்தது. ஒருவேளை எழுந்து நடந்துவிடுவேனோ?

இரண்டு வாரத்துக்கு மேல் தயங்கிவிட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் பஸ் ஓட்டுபவள். பின்னால் ஓடி வருகிறவருக்காக ஒரு நொடிகூட நிறுத்தமாட்டாள் என்று பெயர் எடுத்தவள்.

"என் வீட்டுல உனக்கு விஷமா வச்சிருக்கேன்?" என்றாள். அதோடு பதினொரு நாள் பேச்சு இல்லை. வேலைக்குப் போகுமுன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் டொக்கென்று வைப்பாள். அவ்வளவுதான்.

போனால் குணமாகலாம், ஆனால் அக்கா இல்லை. இருந்தால் அக்கா உண்டு, காலம் முழுக்கப் படுக்கையோ என்னவோ. முடிவெடுக்கவும் தெம்பு வேண்டுமே. சங்கம் சொல்கிறபடி செய்வது என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அக்கா ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் படுத்தபடி குறிப்பேட்டைப் படித்தேன்.

"சண்டை இந்த இடத்தில் நிற்கிறது: 'அந்த அறையில இன்னும் ஒரு மாசம் கிடந்தா இவளை யாராலயும் எழுப்ப முடியாது.'"

"யார் சொன்னது?" என்றார் வாத்தியார்.

பார்த்தேன். பெயர் எழுதவில்லை. ஒரு கமா விட்டுப்போனாலே தூக்கம் வராதவள் நான்!

"நான் போன தடவை முன்னாடியே படுத்துட்டேன். கடைசியா பேசினது நர்ஸம்மாதான்" என்றார் வாத்தியார்.

நர்ஸம்மாவுக்கு அந்த வாரம் மூட்டம் கனம். கொஞ்சம் யோசித்தார். "சொல்லியிருப்பேன். சொன்னது சொன்னதுதான். அந்தப் பொண்ணு போகட்டும்" என்றார். "போன வருஷம் எங்க அண்ணன் வீட்டு மாடியில ரெண்டு வாரம் இருந்தேன். தினமும் நானே தலை சீவிக்கிட்டேன். திரும்பி வந்த மறுநாள் கை தூக்க முடியல. இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

மணி அடித்தது. படுத்துக்கொண்டு, விதியை மீறி மெதுவாக முடித்தார்: "சொன்னா இவர் ஜெயிச்சிடுவாரேன்னுதான்."

நர்ஸம்மா ஒன்று சொன்னால் வாத்தியாருக்கு எதிர்ப்பு தானாக வரும், தும்மல் மாதிரி. "போகவே கூடாது!" என்றார். "நான் மூணு வீடு மாத்தினவன். கல்யாண போட்டோவைக்கூட எறிஞ்சேன். தம்பி வந்து இருங்கண்ணேன்னு கூப்பிட்டான். அவன் வீட்டுச் சுவரைப் பார்த்துட்டு வாசலோட திரும்பிட்டேன். இப்ப என் அறையில ஒரு புள்ளி கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்கு. விழுந்து கிடந்தா தண்ணி எடுத்துக் குடுக்கவும் ஆள் கிடையாது. உடம்பும் தேறல."

அவருக்கு இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. மணிக்குக் காத்திராமல் படுத்துவிட்டார்.

இருவரும் முயலை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குறிப்பேட்டில் இருந்த அந்த வரி வாத்தியாருடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது. திருத்துவதுதான் என் தொழில். ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒரு பிழையை அப்படியே விட்டேன்.

"நான் தூங்கல" என்றார் சமையல்காரர். "ரெண்டு பேரும் சொல்றது நெஜந்தான். இப்ப அந்தப் பொண்ணு என்னதான் பண்ணும்?"

மணி நாலாகிக் கூட்டம் முடிந்துவிட்டது. தீர்ப்பு இல்லை. ஆனால் எனக்கு அந்தத் தண்ணீர் பாட்டிலின் டொக் சத்தம் காதிலேயே இருந்தது. போவதில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட நினைத்தேன். அவள் ஸ்கூட்டர் ஓட்டுகிற வேகத்தில் வாயைத் திறந்தால் காற்றுதான் உள்ளே போகிறது.

வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவைத் திறந்தால் என் கட்டிலைக் காணோம். நான் போவதற்குள் அவளே என்னைக் காலி செய்துவிட்டாள்!

பிறகுதான் பார்த்தேன். கட்டில் இருந்த இடத்தில், கறுப்புத் திட்டுக்கு நேர் கீழே, அக்காவின் மெத்தை. ஆணியில் அவளுடைய காக்கிச் சட்டை. என் கட்டில் முன்னறையில், அவளுடைய ஜன்னலோரம், வெயிலில் கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில்.

"என்னக்கா இது?"

"பூசணம் பிடிக்கும்னா முதல்ல என்னைப் பிடிக்கட்டும். என்கிட்ட தெம்பு நிறைய கிடக்கு. கொஞ்சம் தின்னுட்டுப் போகட்டும்."

அழுதுவிட்டேன். அழுவதற்கும் தெம்பு செலவாகிறது, பரவாயில்லை.

"அதுக்காக நீ அங்க படுக்கறதா? நான் ஒத்துக்கமாட்டேன்."

"திங்கட்கிழமை கொத்தனார் வந்து சுவரைச் சுரண்டுவாரு. அதுவரைக்கும் அங்கதான்."

"முடியாதுன்னா முடியாது!"

"அப்ப உன் வாத்தியார் சொன்ன அறைக்கே போயேன்!"

"போகலன்னு சொல்லத்தானே வந்தேன்! நீ எங்க சொல்ல விட்ட?"

பதினொரு நாள் பாக்கியையும் சேர்த்துப் போட்டோம். மூன்றாவது நிமிடத்தில் எனக்குக் கால் துவண்டது. பேச்சு பாதியில் நிற்க, கட்டிலில் சாய்ந்துவிட்டேன்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பத்து நிமிடம் அசையவில்லை.

பிறகு பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ம், எங்க விட்டோம்?"