பின்பக்கத்து ஃபியூஸ்

மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே ஊரார் ஸ்டேட்டஸை எல்லாம் பார்ப்பது ஷிஜியின் வழக்கம். கழக்கூட்டத்தில் வேன்களுக்கு வயரிங் செய்கிறவள் அவள். வலியசாலை ஹரிகுமார், வீடுபோலத் தங்கிப் பயணம் போக வாங்கிய கேம்பர் வேனை அன்று காலையில்தான் முடித்துக் கொடுத்திருந்தாள். வண்டி ஓடும்போது என்ஜினோடு சுற்றுகிற ஆல்டர்னேட்டரே பின்னாலிருக்கும் பெரிய பேட்டரியையும் சார்ஜ் செய்துவிடும். ஃபேன், ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் அதில்தான் ஓடும்.

ஹரிகுமாரின் மனைவி சுஜா போட்டிருந்த படத்தில், வண்டி கிழக்கேகோட்டைப் பிள்ளையார் முன்னால் மாலையோடு நின்றது. அடுத்த படம் வேனுக்குள்ளே. சுஜா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல், பலகைச் சுவரில், புத்தம் புதிய பத்மநாபசுவாமி படம். அதைத் தாங்கி இரண்டு முரட்டு ஸ்குரு.

ஷிஜிக்குச் சோறு இறங்கவில்லை. ஆல்டர்னேட்டர் கேபிளை அவள் இழுத்திருந்தது சரியாக அந்தப் பலகைக்குப் பின்னால். ஸ்குரு கேபிளைத் துளைத்திருந்தால், அதன் நுனி வண்டியின் இரும்பில் பட்டதும் தீதான்.

அதற்குத்தானே ஃபியூஸ் என்று கேட்கலாம். கேபிளின் முன் முனையில் வண்டியின் சொந்த பேட்டரி, பின் முனையில் பெரிய பேட்டரி, ஆகவே இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். முன்பக்கம் போட்டுவிட்டாள். பின்பக்கத்துக்கு வாங்கிய ஃபியூஸ் அளவு மாறி வந்தது. அன்றே வர்க்கலைக்குக் கிளம்புகிறவர்களிடம் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று மகாராணி தனக்குத்தானே உத்தரவு கொடுத்துக்கொண்டாள். அந்தப் பின் பேட்டரிக்கு மேலேதான் கட்டில். கட்டிலில் அவர்களுடைய மூன்று வயது மகள் ஆர்யா தூங்குவாள்.

ஷிஜி கூப்பிட்டுப் பார்த்தாள். ஹரிகுமாரின் போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. சுஜாவின் போன் அணைந்திருந்தது. வர்க்கலைக்குப் போகிறவர்கள் கழக்கூட்டத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஷிஜி கையைக்கூடக் கழுவாமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

மேம்பாலம் ஏறும் இடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு வருகிற வண்டியை எல்லாம் வெறித்தாள். கடைசியில் மாலை ஆட, அந்தப் பச்சை வேன் வந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்த ஹரிகுமார், தானும் சந்தோஷமாகக் கையாட்டி, ஹாரனும் அடித்துவிட்டுப் பாலத்தில் ஏறிப் போய்விட்டான்.

ஸ்கூட்டர் கதறக் கதற விரட்டினாள். பாலத்தின் பாதியில் அவன் ஜன்னலுக்கு இணையாக வந்தாள்.

"சேட்டா, நிறுத்துங்க! பிள்ளையத் தூக்கிட்டு எல்லாரும் எறங்குங்க!"

அவர்கள் இறங்கியதும் கட்டில் பலகையைத் தூக்கி பேட்டரியின் இணைப்பைக் கழற்றினாள். பிறகு சுவர்ப் பலகையைப் பிரித்தாள். ஒரு ஸ்குரு கேபிளுக்குள் முழுதாக இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அதற்கு நேர் எதிரே இரும்புச் சட்டத்தில் கருகிய பொட்டு ஒன்று. ஏதோ குழியில் வண்டி குதித்தபோது ஒரு தடவை தொட்டிருக்கிறது.

ஹரிகுமார் அதைப் பார்த்தான். முகம் வெளுத்தது. அடுத்த நிமிஷம் மனைவிமேல் பாய்ந்தான்.

"அப்பவே சொன்னேன்லா, சொவத்துல ஒண்ணும் மாட்டாண்டாம்னு? ஒன் பக்தியில பிள்ளையக் கொல்லப் பாத்தியே!"

"எனக்கு எப்படித் தெரியும்..." சுஜா அழ ஆரம்பித்தாள். தூங்கி எழுந்த குழந்தையும் சேர்ந்து அழுதது.

"ஷிஜி, நீ தெய்வம், கேட்டோ" என்று ஹரிகுமார் இவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினான்.

ஃபியூஸைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஊரெல்லாம் அவள் புகழ்தான். ஷிஜிக்கு அந்த ஆசை வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் சுஜாவின் அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சேச்சியத் திட்டாதீங்க. ஸ்குரு எறங்கினாலும் தீப் பிடிக்கக்கூடாது. அதுக்கொரு ஃபியூஸ் உண்டு. பின்பக்கம் நான் அதப் போடல்ல."

கூப்பிய கை பிரிந்து கீழே இறங்கியது. சுஜா அழுகையை நிறுத்திவிட்டு, குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மறந்துட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று இவள் சொல்லிவிட மாட்டாளா என்கிற மாதிரி இருந்தது குரல்.

"இல்ல சேச்சி" என்றாள் ஷிஜி. "தெரிஞ்சேதான் விட்டேன்."