சாட்சிக்கு ஒரு பெயர்

இராசநாயகம் மாஸ்டரின் முகத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர், எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் பெரிய மனிதர். இருக்கட்டும். எனக்குக் கிடைத்த வேலையில் மண் அள்ளிப் போட்டவர் அவர்தான்.

நீர்வேலியில் வாழைக்குலை வாங்கி அனுப்பும் கொட்டிலில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். குலை தரம் பிரிப்பது, சீப்பு வெட்டுவது, லொறியில் ஏற்றுவிப்பது எல்லாம் என் பொறுப்பு. ஆனால் வேறு வேலை தேடி நான் அனுப்பிய ஏழு சீவியிலும், அதுதான் சுயவிபரக் கோவையிலும், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மருதனார்மடச் சந்தித் தட்டச்சுக் கடையில் ஊருக்கெல்லாம் ஒரே சீவிதான். பிறந்த திகதி, மதம், பரீட்சைப் பெறுபேறு, மூன்று மாதக் கணினிப் பயிற்சி, கடைசியில் 'மேற்கூறியவை யாவும் உண்மை'. பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். என்ன கண்றாவி! ஏழுக்கும் பதில் வரவில்லை.

எட்டாவதை நானே எழுதினேன். வாழைப்பழத்தைப் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனி ஒன்று சுன்னாகத்தில் மேற்பார்வையாளர் தேடியது. நாளுக்கு முந்நூறு குலை பார்ப்பேன், கதலிக்குலை எத்தனை நாளில் பழுக்கும் என்று காயைப் பார்த்தே சொல்வேன், நான் அனுப்பியதில் நூற்றுக்கு மூன்றுகூடப் பழுதென்று திரும்பவில்லை என்று உள்ளதை எழுதினேன். கடைசியில் சாட்சியாக, என்னைத் தெரிந்த, உறவினர் அல்லாத ஒருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். அந்த இடத்துக்குப் பதவியுள்ள ஆளைப் போடுவதுதான் ஊர் வழக்கம். மாஸ்டரைப் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. இங்கே யார் கேட்கிறார்கள்? எந்தக் கம்பனி கூப்பிட்டு விசாரிக்கிறது?

இந்தக் கம்பனி விசாரித்தது.

நேர்முகத்தில் மனேஜர் பார்த்தீபன் என் சீவியை இரண்டு தரம் படித்தார்.

"உப்பிடி ஒருத்தரும் எழுதினதில்லை, தங்கச்சி. வாற திங்கள் வேலைக்கு வாங்கோ. அதுக்கிடையிலை நீங்கள் தந்த ஆளிட்டை ஒருக்கால் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

கால் நிலத்தில் படாமல் வீட்டுக்கு வந்தேன். வியாழக்கிழமை அவர் ஃபோனில் கூப்பிட்டார்.

"வாழைக்குலைக் கொட்டில் எண்டு எழுதினது முழுப் பொய்யாமே? நீங்கள் ஒரு வேலைக்கும் போனதில்லையாம். நீங்கள் தந்த ஆள்தான் சொன்னவர்."

"ஐயோ சேர், கொட்டில் முதலாளியிட்டைக் கேளுங்கோ!"

"வேறை ஆளை எடுத்தாச்சு, தங்கச்சி."

வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் மாஸ்டர் பல்லெல்லாம் தெரிய வீட்டுக்கு வந்தார்.

"குணலட்சுமி, இஞ்சை வா!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "உன்ரை பெட்டை கோபிகாவுக்கு நல்ல இடம் ஒண்டு வரப்போகுது. ஆரோ பார்த்தீபனாம், கம்பனி மனேஜராம், பிள்ளை எப்பிடி எண்டு ஃபோனிலை விசாரிச்சவன். மாப்பிளை வீட்டு ஆக்கள்தான்."

"என்ன சொன்னீங்கள், மாஸ்டர்?" என்றேன்.

"நல்லாச் சொல்லிப்போட்டன். கொட்டிலிலை வேலை செய்யிறவவோ எண்டும் கேட்டவன். சீச்சீ, ஆரோ எரிச்சலிலை கட்டின கதை, பிள்ளை வாசல் படலை தாண்டாது எண்டன். கொட்டில் வேலை எண்டு சொன்னால் ஆர் கலியாணம் கட்டுவான்?"

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். தூ! எனக்கு உடம்பெல்லாம் அருவருத்தது.

"அவர் கேட்டது வேலைக்கு! என்னைப் பொய்க்காரியாக்கிப் போட்டியள்!"

"கத்தாதை பிள்ளை," என்றார் மனிதர், ஆறுதலாக. "குலை வெட்டுறவள் எண்டு எழுதியோ வேலை கேப்பினம்? நாறல் கதை."

அடுத்த நாள் கொட்டிலில் எல்லாவற்றையும் சின்னத்தங்கம் அக்காவிடம் சொல்லி, மாஸ்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆறு வருடமாக என் பக்கத்தில் குந்தியிருந்து சீப்பு வெட்டுகிறவர் அக்கா. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ரை பேரைக் குடுத்திருக்கலாமேடி. உன்ரை வேலை என்னைவிட ஆருக்குத் தெரியும்?"

சீவியில் முதலில் அக்காவின் பெயரைத்தான் எழுதினேன். சீப்பு வெட்டுகிற மனுசியைப் போட்டால் கம்பனிக்காரர் என்ன நினைப்பார்கள் என்று நானே அதை வெட்டினேன். மாஸ்டருக்கு நான் துப்பியதெல்லாம் என் முகத்திலேயே வந்து விழுந்தது.

"நினைவு வரேல்லை அக்கா," என்று பொய் சொன்னேன்.