நாள் முழுக்க அறுநூறு யென்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஆசை காட்டுவதைக் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். ஆப்பு வைப்பதைப் பொடி எழுத்தில் எழுதுவார்கள். கேட்கப்போனால், "போட்டிருக்கோமே, நீங்க படிக்கலையா?" என்று இடுப்பு ஒடிய வணங்கிக்கொண்டே கேட்பார்கள். முன்பெல்லாம் ஏமாற்றுகிறவன் முகத்தையாவது திருப்பிக்கொள்வான். இப்போது ஏமாற்றுகிறவன்தான் ரொம்பக் குனிகிறான்.

ஜப்பானின் கோச்சி நகரத்துக் கடைத்தெருவைச் சுற்றித் தன் குட்டி லாரியை ஓட்டிக்கொண்டிருந்த நிஷிமோரி கான்ஜியின் நினைப்பு இப்படித்தான் ஓடியது. வயது எழுபத்தாறு. மலையடிவாரத்தில் இஞ்சி போடுகிறவர். முந்தின நாள்தான் அறுவடை முடிந்திருந்தது. லாரியின் பின்பக்கம் இன்னும் மண்ணும் இஞ்சி வாசமுமாக இருந்தது.

மனைவி சுமெயோவைக் கடைத்தெரு முகப்பில் இறக்கிவிட்டாயிற்று. இளையவள் சதோமிக்கு பிப்ரவரியில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவள் உடுத்துகிற கறுப்புக் கிமோனோவை வாடகைக்கு எடுக்க வந்திருந்தார்கள். இறங்கும்போது சுமெயோ கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"என்னங்க, இன்னிக்கு இருமாதீங்க."

அது எதற்கென்று அவருக்குத் தெரியும். மூத்தவள் கல்யாணத்துக்கும் இதே தெருவுக்குத்தான் வந்தார்கள். வண்டி நிறுத்திய இடத்தில் காசு ஏறுகிறதே என்று கான்ஜி கடை வாசலில் நின்று இருமிக்கொண்டே இருந்தார். சுமெயோ கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் கிமோனோவின் கை மூன்று விரற்கடை குட்டை. குடும்பப் படத்தில் அவள் மணிக்கட்டு இரண்டும் உரித்த முள்ளங்கி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. துடைக்கிறபோது மட்டும் கண்ணாடியின் அந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்தித் துடைப்பாள். அவளுக்கு இன்னொரு பெண் கல்யாணம் இனிமேல் கிடையாது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

அதனால் நாள் முழுக்க, கடிகாரம் பார்க்காமல், மலிவாக வண்டி நிறுத்த ஓர் இடம் வேண்டும். நாலு இடம் பார்த்தார். ஒன்றில் அரை மணிக்கு இவ்வளவு. இன்னொன்றில் முதல் ஒரு மணி இலவசம், ஆனால் பக்கத்துக் கடையில் ஏதாவது வாங்கிச் சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும். வேண்டாத சட்டியை வாங்கி வேண்டிய இடத்தைப் பிடிப்பதா? ஐந்தாவதாக ஒரு மூலை மனை. சிவப்புக் கொட்டை எழுத்தில், 'நாள் முழுக்க அறுநூறு யென்தான்.'

கான்ஜி இறங்கிப் போய்ப் பலகைக்கு ஒரு முழத் தூரத்தில் மூக்கை வைத்துப் பொடி எழுத்தைத் தேடினார். இருந்தது. 'வார நாட்களில் மட்டும்.' அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்று திங்கட்கிழமை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் என்னை ஏய்க்க இன்னொருத்தன் பிறக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே லாரியை உள்ளே விட்டார். சக்கரங்களுக்கு நடுவே இரும்புத் தகடு மெல்ல எழும்பி வண்டியைப் பூட்டியது. அப்பாடா என்று நடந்தார்.

பிற்பகல் ஆவதற்குள் பசித்தது. ஓர் உதோன் நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்து, சுவரில் ஒட்டியிருந்த மதியச் சாப்பாட்டுப் படத்தைக் காட்டினார். உதோனும் சோறும் ஊறுகாயும் சேர்த்து மலிவு விலை.

பரிமாறுகிற பெண் தலை சாய்த்தாள். "மன்னிக்கணும் தாத்தா, அது வார நாள்ல மட்டுந்தான்."

"இன்னிக்கு என்ன கெழமை?"

"திங்கக்கிழமை."

"அப்புறம்?"

"நேத்து பண்பாட்டுத் திருநாள் ஞாயித்துக்கிழமையில விழுந்துடுச்சில்ல? அதுக்குப் பதிலா இன்னிக்கு லீவு. காலண்டர்ல சிவப்பு போட்டிருப்பாங்களே."

கான்ஜி வீட்டுக் காலண்டரில் அறுவடைக்கு ஆள் வருகிற நாட்களைத்தான் வட்டம் போட்டு வைத்திருந்தார். மற்றதெல்லாம் அவருக்கு வெள்ளைதான். இஞ்சிக்கு ஏது ஞாயிறு, ஏது திருநாள். காலையில் வருகிற வழியில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைக்கூடப் பார்க்காதது இப்போதுதான் உறைத்தது.

"லீவு ஞாயித்துக்கிழமையில வந்தா அது அவன் அதிர்ஷ்டம்னு விடவேண்டியதுதானே. அதுக்கு வட்டி போட்டு மறுநாளும் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"எங்களுக்கும் லீவு இல்ல தாத்தா. நானும் வேலைதான் பாக்குறேன்" என்றாள் அந்தப் பெண். "வெறும் உதோன் தரவா?"

அவர் அதற்குள் எழுந்துவிட்டார். உதோன் போகட்டும். வார நாட்களில் மட்டும் என்றால் லாரிக்கும் அதே கதிதானே.

மூலை மனைக்கு வந்து இயந்திரத்தில் இட எண்ணை அழுத்தினார். அறுநூறு எப்போதோ தாண்டியிருந்தது. அதன் பக்கத்தில் உதவிக்கு என்று ஒரு பொத்தான். அழுத்தினார். எந்த ஊரிலிருந்தோ பட்டுப் போன்ற குரலில் ஒருவன் பேசினான்.

"அழைச்சதுக்கு ரொம்ப நன்றிங்க. என்ன உதவி செய்யட்டும் ஐயா?"

"தம்பி, திங்கக்கிழமை வார நாளா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"வார நாள்தான் ஐயா."

"மாட்டிக்கிட்டே பாரு. அப்ப அறுநூறு."

"ஆனா இன்னிக்கு லீவு நாள் ஐயா. லீவு நாள்ல அந்த அறுநூறுங்கிற உச்சவரம்பு கிடையாது. சிரமத்துக்கு மனசார வருந்துறோம்."

"பலகையில திங்கக்கிழமை லீவா இருந்தா கிடையாதுன்னு எங்கடா எழுதியிருக்கு?"

"வலது பக்கம் கீழே எழுதியிருக்கும் ஐயா."

கான்ஜி திரும்பிப் பார்த்தார். வலது பக்கம் கீழே ஒரு குளிர்பான இயந்திரம் மறைத்துக்கொண்டு நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்தால் எழுத்து இருந்தது. எறும்பு வரிசை மாதிரி.

"நீ இங்க வந்து படிச்சுக் காட்டு, நான் முழுசாக் குடுக்கறேன்" என்றார்.

"நான் ஒசாகாவுல இருக்கேன் ஐயா."

"அங்கருந்து உனக்குக் கீழே எழுதினது தெரியுது. பக்கத்துல நிக்கற எனக்குத் தெரியல. நல்ல கண்ணுப்பா உனக்கு."

"மனசார வருந்துறோம்" என்றது குரல். எத்தனை தடவை வருந்தியும் அதன் தொண்டை கட்டவில்லை. கோபப்படுகிறவனோடு சண்டை போடலாம். வருந்துகிறவனை என்ன செய்ய முடியும்? கல்லில் மோதினால் மண்டையாவது வீங்கும். இது தலையணையில் மோதுகிற கதை. அவர் காசைப் போட்டார். தகடு கீழே இறங்கியது. இனி ஒரு நிமிஷம்கூட இவனுக்குக் கிடையாது என்று வண்டியை வெளியே எடுத்தார்.

எடுத்த பிறகுதான் லீவு நாள் என்றால் என்ன என்று புரிந்தது. ஊரே கடைத்தெருவில் இருந்தது. எந்த மனையைப் பார்த்தாலும் 'நிரம்பியது' என்று சிவப்பு விளக்கு. முத்திரை குத்துகிற இடத்தின் வாசலில் வண்டிகள் வால் பிடித்து நின்றன. மூன்று சுற்று சுற்றினார். நாலாவது சுற்றில் கைப்பேசி அடித்தது. ஓரம் கட்டினார்.

"என்னங்க, வண்டி எங்க நிக்குது?" சுமெயோதான்.

"நிக்கற எடத்துல நிக்குது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு உடுத்திப் பாத்தேன். ரெண்டாவது பரவாயில்ல. கை கொஞ்சம்... அதனால என்ன, யாரு பாக்கப் போறா. நேரமாவுதேன்னு..."

பின்னால் ஒருவன் ஒலிப்பானை அழுத்தினான். கான்ஜிக்குத் தொண்டையில் இருமல் வந்து உட்கார்ந்தது. அதை விழுங்கினார்.

"கை கொஞ்சம்னா?"

"ஒரு விரக்கடைதான்."

"இன்னும் எத்தனை வச்சிருக்கான் கடையில?"

"கெடக்கு, இருபதுக்கு மேல."

"இருபதையும் போட்டுப் பாரு. வண்டி நாள் பூரா நிக்கலாம்."

"நெசமாவா? எவ்வளவுக்கு?"

"மலிவுதான்."

"நீங்க பல்லைக் கடிக்கிறது இங்க கேக்குது."

"என் பல்லு, நான் கடிக்கிறேன். உனக்கென்ன."

சுமெயோ சிரித்தாள். "அப்படின்னா வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போங்களேன். எது நல்லாருக்குன்னு சொல்லுங்க. இந்தக் கடைக்காரம்மாவுக்கு நான் எதப் போட்டாலும் அழகாத்தான் இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இனி லாரிக்குள்ளேயே உட்கார்ந்து பொழுதைத் தள்ளவும் வழியில்லை.

கோயில் ஒன்றின் பின்புறச் சந்தில் நுழைந்தபோது ஒரு சரளைக்கல் மனை கண்ணில் பட்டது. இயந்திரம் இல்லை, தகடு இல்லை. வண்டிகள் ஒன்றின் முதுகை ஒன்று ஒட்டி மூன்று வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. பெயிண்டால் கையெழுத்தில் எழுதிய பலகை: 'எழுநூறு. நாள் முழுக்க. எந்த நாளும்.' கழுத்தில் துண்டு சுற்றிய ஓர் அறுபது வயதுக்காரி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எடம் இருக்கா?"

"குட்டி லாரிதானே, செருகிடலாம். சாவிய வச்சுட்டுப் போங்க."

"சாவியா?"

"பின்ன? உள்ள நிக்கறவன் வெளிய போகணும்னா முன்னால நிக்கறத நகத்தணும்ல. எல்லாரும் வச்சுட்டுத்தான் போறாங்க." முதுகுப் பக்கம் காட்டினாள். பலகையில் ஆணி ஆணியாகச் சாவிகள் தொங்கின.

கான்ஜி விலை எழுதிய பலகையின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"என்ன தேடுறீங்க பெரியவரே?"

"பொடி எழுத்து."

"எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாது. அதனால பொடி எழுத்தெல்லாம் எழுதறதில்ல."

"சாவிய உங்கிட்ட குடுத்துட்டா அப்புறம் வண்டி யாரோடது?"

"ஐயோ, இந்த இஞ்சி வண்டிய ஓட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? அடுத்த தெருவுக்குள்ள போலீஸ்காரன் மோப்பம் புடிச்சுடுவான்."

அந்த நேரத்தில் சிவப்புக் கார் ஒன்று வந்தது. ஒரு சின்னப் பெண் இறங்கி, ஏறெடுத்தும் பாராமல் சாவியை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாள். இப்படி வளர்த்திருக்கிறார்கள் பிள்ளைகளை. காரின் விலைக்கு அவர் இஞ்சி மூன்று வருஷம் போடவேண்டும்.

"நானே வண்டியில உக்காந்து நகத்தித் தர்றேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்றார் கடைசி முயற்சியாக.

"அப்ப பொண்டாட்டிய யாரு பாப்பா?"

அவர் திடுக்கிட்டார். "யாரு சொன்னா உனக்கு?"

"ஆம்பளைங்க தனியா வந்தா இவ்வளவு நேரம் நிக்கறதில்ல. விலையக் கேட்டுத் திட்டிட்டுப் போயிடுவாங்க. நின்னு யோசிச்சா யாரோ கடையில காத்துக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம்." கடலைத் தோலை ஊதினாள். "சீக்கிரம் சொல்லுங்க. பின்னால ஒருத்தன் வந்துட்டான்."

உண்மையிலேயே வந்திருந்தான். கான்ஜி வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றினார். கொட்டகைச் சாவியைக் கழற்றினார். பம்ப்செட் அறைச் சாவி துரு ஏறி வர மறுத்தது. அதைப் பல்லால் கடித்துப் பிரித்தார். பின்னால் நின்றவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்க்கட்டும். கடைசியில் லாரிச் சாவி மட்டும் தனியாக உள்ளங்கையில் கிடந்தது. அதையும் எழுநூறு யென்னையும் கொடுத்தார்.

"இருட்டறதுக்குள்ள வருவேன்" என்றார்.

"இருட்டினப்புறமும் இருப்பேன்."

"இருப்பேன்னு சொல்றவங்களத்தான் தேடவேண்டியிருக்கு."

"போங்க தாத்தா" என்று அவள் சிரித்தாள்.

அவர் நடந்தார். சிரிக்கிற விதத்தைப் பார்த்தால் நல்லவள் மாதிரிதான் தெரிகிறது. காலையில் அந்தப் பலகையும் அப்படித்தான் தெரிந்தது. சந்து முனைக்கு வரும்போது பின்னால் அவருடைய லாரியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. கியர் கரகரவென்று அரைபட்டது. கிளட்சை யாராவது இப்படி மிதிப்பார்களா? இவளுக்கு ஓட்டவும் தெரியாது. தெரிந்துகொண்டே திருடுகிறாளோ, தெரியாமல் கெடுக்கிறாளோ, இரண்டில் ஒன்று நிச்சயம். கால் ஒரு கணம் நின்றது. பிறகு, மூன்று சாவிகள் சட்டைப் பையில் கிலுகிலுக்க, திரும்பிப் பாராமல் கிமோனோ கடை இருந்த பக்கம் வேகமாக நடந்தார்.