பிளைவீலில் இரண்டு கோடு

என் வீட்டுக்காரர் ஞானதாஸுக்கு இருக்கிற வீம்பை இழுக்க எந்த லாரியாலும் முடியாது. இதை நான் சும்மா சொல்லவில்லை, ஒரு லாரியை வைத்தே தெரிந்துகொண்டேன்.

எண்பத்தொன்றாம் வருஷம் கௌஸ் மைதீன் பாய் ஏலத்தில் ஒரு பழைய மிலிட்டரி லாரி எடுத்து வந்தார். பச்சை பெயின்ட்கூட இன்னும் போகவில்லை. ஏரிக்கரையில் இறாலை ஏற்றி, ஐஸ் போட்டு, பழவேற்காட்டிலிருந்து மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். காலி வண்டியாக நன்றாகத்தான் ஓடியது. லோடு ஏற்றினால் கரை மணலிலிருந்து ரோட்டுக்கு ஏறாமல் பாதி மேட்டில் நின்றுவிடும்.

"என்ஜின்ல கொஞ்சம் பவர் ஏத்திக் குடுப்பா" என்று சொல்லி, பாய் அதை எங்கள் வீட்டுப் பூவரச மரத்தடியில் விட்டுப் போனார். படகு என்ஜினோ, பம்ப் செட்டோ, டீசல் என்ஜின் என்றால் இந்தப் பக்கம் இவர்தான். திருப்பாலைவனத்திலிருந்துகூடத் தேடி வருவார்கள்.

இவர் டீசல் பீச்சுகிற நாசில்களைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். டீசல் பம்ப்பை இறக்கிக் கழுவி மறுபடி மாட்டினார். ஓட்டிப் பார்த்தால், முன்பு பாதி மேடு ஏறிய வண்டி இப்போது கால் மேடுகூட ஏறவில்லை. டீசல் போதவில்லை போல என்று பம்ப் திருகை முடுக்கிவிட்டார். கரும்புகைதான் கூடியது. டிரைவர் சுப்பன் இருமிக்கொண்டே இறங்கி, "இன்னாண்ணே, வண்டில சோறு ஆக்குறியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

பாய் மட்டும் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சனிக்கெழம லோடோட ஏறலேன்னா மெட்ராஸ் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிடுவேன் ஞானதாஸ். தப்பா எடுத்துக்காத."

அந்த வண்டி மெட்ராஸுக்குப் போனால் அதன் பின்னாலேயே படகு என்ஜின்களும் போகும். இருபது வருஷமாகச் சம்பாதித்த பேர் ஒரு வாரத்தில் போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு மட்டும் இறங்கியதா என்ன?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மடவை மீன் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். என்ஜினுக்குப் பின்னால், அதோடு சுற்றுகிற பிளைவீல் என்ற இரும்புச் சக்கரத்தைப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதற்குள் விரலை விட்டு எதையோ தடவிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் மூடியிருந்தது.

"கண்ண மூடிக்கினு இன்னாயா பண்ற?"

"தொறந்தாலும் ஒண்ணுதான்மே."

சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா. எங்க நைனாவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது. கடசீல பொட்டக் கண்ணாத்தான் செத்தாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு வருஷமாக ஒரே பாயில் படுக்கிற மனுஷன் இதைச் சொல்லவில்லையே. "அப்ப என் மூஞ்சியும் தெரியலியா?"

"தூரத்துல நீ வந்தா நல்லாத் தெரியுது. கிட்ட வந்தாத்தான் கலங்குது."

"கிட்ட வந்து பேசும்போதெல்லாம் குத்துமதிப்பாவா சிரிச்ச?"

"உன் கொரலுக்குச் சிரிச்சேன், மாக்ரேட்டு."

அவர் சொன்னதை யோசித்தேன். தூரத்தில் தெரிகிறது, கிட்டத்தில் தெரியவில்லை. "யோவ், இது ஒங்க நைனாவுக்கு வந்தது இல்ல. இதுக்குப் பேரு வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வரும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எழுத்தே தெரியாத எனக்கு வெள்ளெழுத்து எங்கேந்துமே வரும்? அது படிச்சவங்க சீக்கு."

இந்த ஆளை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். படிக்காதவனுக்கு வராது என்று நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் தனியாகப் பயந்து செத்திருக்கிறார். அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது.

பிறகு, "அந்த ஓட்டைல இன்னா தேடுற?" என்று கேட்டேன்.

"கோடு. அந்தக் கோடு முள்ளுக்கு நேரா நிக்கும்போது டீசல் பாயிற மாதிரி பம்ப்ப வெக்கணும். தடவித்தான் வெச்சேன்."

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஆழமாக ஒரு கோடு. அதன் பக்கத்தில் ஒரு வட்டமும், தலையில்லாத சிலுவை மாதிரி ஒன்றும். அவரை மெதுவாக என்ஜினைச் சுற்றச் சொன்னேன். கட்டை விரல் அகலம் தள்ளி, துருவுக்கு அடியில் இன்னொரு கோடு இருந்தது. இறால் வலை நூல் அளவுக்குத்தான். இன்னும் நாற்பது தாண்டாத, தினமும் வலை கிழிசலைப் பார்க்கிற கண்ணுக்கு அது தப்புமா?

"ரெண்டு கோடு இருக்குதுயா. பெருசு பக்கத்துல எழுத்து மாதிரி இன்னாவோ போட்டிருக்குது."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எழுத்து போட்டது பிஸ்டன் உச்சிக்கு வர்ற நேரத்துக்கு. அதுக்கு முன்னாடி வர்ற சின்னக் கோடுதான் டீசலுக்கு. தடவினா பெருசுதான் வெரலுக்கு ஆப்ட்டுது. நான் லேட்டா பாய வெச்சிருக்கேன். அப்பறம் எப்டி இழுக்கும்?"

நான் பார்த்துச் சொன்னேன், அவர் சுற்றினார். "இன்னும் இத்துனூண்டு. நில்லு." அவர் பம்ப்பை முடுக்கினார். ஏற்றி வைத்திருந்த டீசல் திருகையும் பழைய இடத்துக்கே இறக்கினார். கை கழுவும்போது, "இத வெளிய சொல்லாதயா, நானும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

சனிக்கிழமை காலையில் இறாலும் ஐஸும் நிறைய ஏற்றினார்கள். சுப்பன் கியர் போட்டான். வண்டி மணலில் ஒரு தடவை அமுங்கி, அப்புறம் நிற்காமல் மேடேறி ரோட்டில் போய் நின்றது. பாய் வந்து இவரைக் கட்டிக்கொண்டார். "ஒன்ன உட்டா ஆளே இல்லப்பா."

"கோடு பாத்தது அவ, பாய். எனக்குக் கிட்டப் பார்வ தெரியல."

பாய் கையை எடுத்துக்கொண்டார். "மொதல்லயே தெரிஞ்சிருந்தா வண்டியக் குடுத்திருக்க மாட்டேனே."

"தெரியும் பாய். அதான் சொல்லல. இப்பவும் சொல்லாம உட்டா, அடுத்த தபா என்ன நம்பி பிரேக்க குடுப்பீங்க. சுப்பனுக்குப் புள்ளகுட்டி இருக்குது."

பாய் என் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கெழம பிரேக் கழட்டணும்மா. நீயும் அவரோட வந்துடு. ரெண்டு பேர் பாத்தாத்தான் எனக்குத் திருப்தி."

கரையில் ஊரே நின்றது. நான் வெட்கப்படாமல் அழுதேன்.